சென்னையில் மக்கள் தொடர்புத் துறையின் முதல் வேலை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) தேவை’ என்ற விளம்பரத்தை நம்பி நேர்முகத் தேர்வுக்குப் போன பட்டதாரிகள் பலர், அங்கே இருப்பது மருத்துவமனை வரவேற்பு மேசையில் நோயாளிகளை எந்த அறைக்கு அனுப்புவது என்று சொல்லும் வேலை என்றோ, வீட்டுமனை விற்கும் வேலை என்றோ அறிந்து திரும்பியிருக்கிறார்கள். சென்னையில் ‘பி.ஆர்.ஓ.’ என்ற பெயர் பல வேலைகளுக்குப் பொதுப் பெயராகிவிட்டது. அந்த வேலைகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரை பேசும் தொழில் வேறு. ஒரு நிறுவனத்தைப் பற்றியோ அமைப்பைப் பற்றியோ மக்கள் அறிய வேண்டிய செய்தியைக் கட்டணம் செலுத்தி விளம்பரமாக வெளியிடாமல், செய்தியாளர்களிடம் செய்தியாகவே கொண்டு சேர்ப்பதும், அந்த அமைப்பின் மீது கேள்வி எழும்போது உரிய நேரத்தில் பதில் கிடைக்கச் செய்வதும் இத்தொழிலின் மையம். எனவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த வேலையில் நான் பத்திரிகைக் குறிப்பு எழுதுவேனா, செய்தியாளர்களுடன் பேசுவேனா?” என்பதுதான். (ஓர் அமைப்பு தன் செய்தியை எழுதி ஊடகங்களுக்கு அனுப்புவதே பத்திரிகைக் குறிப்பு.) இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், வேறு இடம் தேடுங்கள்.

சென்னையில் இத்தொழிலுக்கு நுழைய விரும்புபவர்களிடம் நான் தொடர்ந்து வலியுறுத்துவது ஒன்று உண்டு. இங்கே ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிழையில்லாமல், மொழிபெயர்ப்பு வாடை வீசாமல் தமிழில் ஒரு பக்கம் எழுதக் கூடியவர்களுக்குத்தான் பஞ்சம். தமிழ்வழியில் படித்துவிட்டு, “எனக்கு ஆங்கிலம் சரளமாக வராதே” என்று ஒதுங்கி நிற்கும் மாணவர்கள் தங்கள் கையில் இருக்கும் மூலதனத்தை அறியாமல் நிற்கிறார்கள். ஆங்கிலமும் வேண்டும்தான், அதைத் தளர்த்திச் சொல்ல மாட்டேன். மின்னஞ்சல்களும் வாடிக்கையாளர் கூட்டங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. ஆனால் நுழைவாயிலில் உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டப் போவது உங்கள் தமிழ்.

வேலை எங்கே இருக்கிறது

முதலாவது, ஏஜென்சி என்று எல்லோரும் அழைக்கும் மக்கள் தொடர்பு ஆலோசனை நிறுவனங்கள். மும்பையையும் தில்லியையும் தலைமையிடமாகக் கொண்ட பெரிய நிறுவனங்களின் கிளைகளும், ஐந்தாறு பேரை மட்டுமே கொண்ட உள்ளூர் நிறுவனங்களும் இங்கே உள்ளன. புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். ஒரே ஆண்டில் மருத்துவமனை, மோட்டார் நிறுவனம், கல்லூரி, நகைக்கடை எனப் பல வகையான வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. சிறிய ஏஜென்சியில் சேர்ந்தால் பெயர் பெரிதாக இராது; ஆனால் இரண்டாவது மாதத்திலேயே செய்தியாளருடன் நேரில் பேச வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, நிறுவனங்களுக்குள்ளேயே இயங்கும் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பிரிவுகள். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகள், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகள் ஆகியவை இத்தகைய பிரிவுகளை வைத்திருக்கின்றன. இவர்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களையே தேடுவதால், ஏஜென்சியில் தொடங்கிப் பிறகு இங்கே வருவதே வழக்கமான பாதை.

மூன்றாவது, திரைத்துறை. தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளராக அறியப்படுபவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். 1950களின் இறுதியில் அப்பணியைத் தொடங்கிய அவர், தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களையும் நிழற்படங்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்தவர். இன்றும் படத்தின் தலைப்பு அட்டையில் மக்கள் தொடர்பாளரின் பெயர் தனியாக வருவது இங்கே வழக்கம். இத்துறையில் நுழைவது பெரும்பாலும் மூத்த மக்கள் தொடர்பாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வதன் வழியாகவே நடக்கிறது. அரசுத் தரப்பில் தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையும், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் உள்ளன. அவற்றின் பணிகளுக்கு அறிவிக்கை வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

படிப்பு எவ்வளவு முக்கியம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, லயோலா கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை, எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி, மக்கள் தொடர்பில் முதுகலைப் படிப்பை வழங்கும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி ஆகியவற்றிலிருந்து வருபவர்களுக்கு, கல்லூரியே பயிற்சி இடங்களை அறிமுகப்படுத்தி வைப்பது ஒரு வசதி. ஆயினும் இந்தத் தொழிலுக்குக் குறிப்பிட்ட பட்டம் கட்டாயமில்லை. வணிகவியல் படித்தவர் நிறுவனத்தின் காலாண்டு முடிவை ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். உயிரியல் படித்தவர் மருத்துவரின் பேச்சைத் தவறில்லாமல் எழுதுவார். படித்த பாடம் எதுவோ அதையே உங்கள் தனிப் புலமையாகக் காட்டுங்கள்.

முதல் படி: மூன்று மாதம் நாளிதழ் வாசிப்பு

இரண்டு தமிழ் நாளிதழ்களையும் ஓர் ஆங்கில நாளிதழையும் மூன்று மாதம் தொடர்ந்து வாசியுங்கள். மூன்றும் வாங்க வசதியில்லை என்றால் எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா பொது நூலகத்துக்கோ, கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ சென்று வாசிக்கலாம். வாசிக்கும் முறைதான் இங்கே பயிற்சி. எந்தச் செய்தி நிகழ்விடத்தில் செய்தியாளர் திரட்டியது, எந்தச் செய்தி பத்திரிகைக் குறிப்பிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறித்து வாருங்கள். ஒரே நாளில் மூன்று தாள்களிலும் ஏறக்குறைய ஒரே விவரங்களுடன் வரும் செய்தி பெரும்பாலும் குறிப்பிலிருந்து வந்தது. அதே குறிப்பை ஒரு தாள் எந்த வரியில் தொடங்கியது, இன்னொரு தாள் எதை வெட்டியது, மூன்றாவது தாள் ஏன் மாவட்டப் பக்கத்தில் வைத்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், செய்திகளைத் தேர்ந்து திருத்தும் செய்தி மேசையில் இருப்பவர்களின் மனம் உங்களுக்குத் தானாகவே புரிய வரும்.

இதனுடன் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரம், கல்வி, தொழில், மாநகராட்சி, நீதிமன்றம் என்று ஒவ்வொரு பீட்டையும் (செய்தியாளருக்கு ஒதுக்கப்படும் துறை) எந்த இதழில் யார் எழுதுகிறார், எந்த வகைச் செய்தியில் அவர் ஆழமாகச் செல்கிறார் என்று எழுதி வாருங்கள். மூன்று மாத முடிவில் அதுவே உங்கள் முதல் மீடியா லிஸ்ட், அதாவது செய்தியாளர் தொடர்புப் பட்டியல். ஏஜென்சிகள் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் வேலையும் இதுவே என்பதால், நேர்முகத் தேர்வில் இந்தக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டுபவரை மறப்பது கடினம்.

இரண்டாம் படி: இரு மொழிகளில் எழுதிப் பழகுதல்

பத்திரிகைக் குறிப்பின் அமைப்பு எளிது: தலைப்பு, ஊரும் தேதியும், முதல் பத்தியிலேயே யார் என்ன எங்கே எப்போது என்ற விவரம், அடுத்து ஏன் என்பதற்கான விளக்கம், பொறுப்பில் உள்ள ஒருவரின் கூற்று, இறுதியில் நிறுவனத்தைப் பற்றி நான்கு வரி, தொடர்பு எண். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எளிதாக இருந்தும் இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்.

சென்னையின் தமிழ்ச் செய்தி மேசைகளுக்கு நாள்தோறும் வந்து குவியும் குறிப்புகளில் பல, ஆங்கிலத்தில் எழுதி வேறொருவரிடம் கொடுத்தோ கணினியிலிட்டோ அப்படியே மொழிபெயர்க்கப்பட்டவை. “கண் சிகிச்சைத் துறையில் முன்னணி வகிக்கும் எமது மருத்துவமனை, சமூகத்திற்குத் திருப்பிக் கொடுக்கும் தனது உறுதிப்பாட்டின் ஒரு பகுதியாக, இலவச முகாம் ஒன்றை அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி கொள்கிறது” என்று தொடங்கும் குறிப்பை உதவி ஆசிரியர் இரண்டாம் வரிக்கு மேல் வாசிக்க மாட்டார். அதையே, “பெரம்பூரில் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது, 40 வயதைக் கடந்தவர்களுக்குக் கண் அழுத்தப் பரிசோதனையும் செய்யப்படும்” என்று எழுதினால், வாசகருக்குப் பயன்படும் செய்தி என்பதால் அது பக்கத்தில் இடம் பிடிக்கும். நிறுவனத்தின் மகிழ்ச்சி செய்தியாகாது. வாசகருக்குக் கிடைப்பது என்ன என்பதே செய்தியாகும்.

சில நுணுக்கங்களைத் தொடக்கத்திலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலக் குறிப்பில் 15 மில்லியன் என்று இருந்தால் தமிழில் 1.5 கோடி என்று மாற்ற வேண்டும். இந்த ஓரிடத்தில் சுழியம் தவறினால் மறுநாள் திருத்தம் கேட்டு அலைய நேரும். ஆட்களின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை அவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். குறிப்பை யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டி அனுப்புங்கள். படமாக மாற்றிய பக்கத்தை அனுப்பினால் மறுபடி தட்டச்சு செய்ய அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நிழற்படத்துடன் இடமிருந்து வலமாக யார் நிற்கிறார்கள் என்ற விவரத்தை அவசியம் சேர்க்க வேண்டும். மாதிரிக்காக உங்கள் தெருவில் நடந்த நிகழ்ச்சியையோ கல்லூரி விழாவையோ எடுத்துக்கொண்டு, தமிழில் மூன்று குறிப்புகளும் ஆங்கிலத்தில் மூன்று குறிப்புகளும் எழுதுங்கள். ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக எழுதாமல், இரண்டையும் தனித்தனியாகச் சிந்தித்து எழுத வேண்டும்.

மூன்றாம் படி: வேலை கிடைக்கும் முன்பே அனுபவம்

“அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம்” என்று வருந்தும் இளைஞர்களுக்குச் சென்னை நகரமே பல வாசல்களை வைத்திருக்கிறது. மார்கழியில் சபாக்களில் நடக்கும் கச்சேரிகளுக்கும், சனவரியை ஒட்டி நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் ஊடகங்களுடன் பேச ஆள் தேவை. சிறிய பதிப்பகங்கள் பலவற்றில் ஆசிரியர், பிழை திருத்துநர், விற்பனையாளர் மூவரும் ஒருவரே. அவரிடம் சென்று, “உங்கள் புதிய நூல்கள் ஐந்துக்கு நான் குறிப்பு எழுதி மதிப்புரைப் பகுதிகளுக்கு அனுப்பித் தருகிறேன்” என்று சொன்னால் மறுக்க மாட்டார். குடியிருப்போர் நலச் சங்கங்கள், விலங்கு நல அமைப்புகள், மனநலத் தொண்டு நிறுவனங்கள், புற்றுநோய் விழிப்புணர்வு அமைப்புகள் ஆகியவற்றுக்கும் இதே தேவை உண்டு. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நீங்கள் எழுதிய குறிப்பு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இருபது வரியாக வந்திருந்தால், அந்த வெட்டுத் துண்டு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

இன்னொரு பாதை, மறுபக்கத்தைப் பார்ப்பது. சில மாதங்களாவது ஒரு செய்தி நிறுவனத்தில் பயிற்சி எடுங்கள். விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டில் பல தலைமுறைச் செய்தியாளர்களை உருவாக்கியது; கல்லூரியில் இருக்கும்போதே அத்தகைய திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். குறிப்பைப் பெறும் இருக்கையில் ஒரு முறை உட்கார்ந்தவர், அதை அனுப்பும் இருக்கைக்கு வரும்போது வேறு மனிதராகவே வருவார்.

நான்காம் படி: பயிற்சிப் பணிக்கு விண்ணப்பித்தல்

மே, சூன் மாதங்களில் எல்லாக் கல்லூரிகளின் மாணவர்களும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார்கள். உங்களுக்கு நேரம் இருக்குமானால் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ முயன்று பாருங்கள்; தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்துக்கும் வேலை நெருக்கும்போது கூடுதல் கையை ஏஜென்சிகள் வரவேற்கும்.

மின்னஞ்சல் மூன்று பத்திகளுக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தத் தேதி முதல் எத்தனை மாதம் வர முடியும் என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அந்த ஏஜென்சி அண்மையில் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு, அதில் நீங்கள் கவனித்தது என்ன என்று சொல்லுங்கள்; பத்து இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புபவர்களால் இதைச் செய்ய முடியாது. மூன்றாம் பத்தியில், தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு மாதிரிக் குறிப்புகளை இணைத்திருப்பதாகத் தெரிவியுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

சேர்வதற்கு முன்பே உதவித்தொகை உண்டா, பயணச் செலவு தருவார்களா, முடிவில் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பயிற்சி தருவதற்காக உங்களிடம் பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். பட்டம் பெற்றவர்கள் மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தையும் பார்க்க வேண்டும். அதன் தென்மண்டல வாரியம் தரமணியில் உள்ளது. அதன்வழி சேர்ந்தால் உதவித்தொகை எழுத்துப்பூர்வமாக உறுதியாகும்.

பயிற்சியில் என்ன செய்வீர்கள்

காலை 9 மணிக்கு முன்பே அன்றைய தாள்களில் வாடிக்கையாளரைப் பற்றியும் அவர்களுடைய போட்டி நிறுவனங்களைப் பற்றியும் வந்த செய்திகளைத் தொகுத்து அனுப்புவது முதல் வேலை. சலிப்பூட்டும் வேலை என்று பலர் நினைப்பார்கள். ஆனால் வாடிக்கையாளரின் மேலாளர் ஏஜென்சி வேலையில் நாள்தோறும் பார்ப்பது இதை மட்டுமே. ஒரு செய்தி விடுபட்டால், அது அவர் கண்ணில் முதலில் பட்டிருக்கும்.

அடுத்தது, செய்தியாளர்களைத் தொலைபேசியில் அழைப்பது. புதியவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். செய்தியாளரின் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி அச்சம் போய்விடும். காலையில் அன்றைய பணிகள் பிரிக்கப்படும். முற்பகலில் நிகழ்ச்சிகளுக்குச் செல்வார்கள். மாலை 4 மணிக்குப் பிறகு எழுதிக்கொண்டிருப்பார்கள். மாலைமலர், மாலைமுரசு போன்ற மாலை இதழ்களின் கடிகாரம் வேறு. நண்பகலுக்குள் அவர்களுடைய பக்கங்கள் முடிந்துவிடும். எனவே முற்பகலில் அழைத்து, “வணக்கம் சார், இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாமா?” என்று கேட்டுவிட்டு, எதைப் பற்றி என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். “வேலையா இருக்கேன்” என்றால் எப்போது அழைக்கலாம் என்று கேட்டு வையுங்கள். “செய்தி எப்ப சார் வரும்?” என்று மூன்று முறை கேட்பவரின் எண்ணை நான்காம் முறை எடுக்க மாட்டார்கள்.

செய்தியாளர் சந்திப்பு நடக்கும் நாள்தான் பயிற்சியின் உச்சம். சேப்பாக்கத்தில் உள்ள பத்திரிகையாளர் மன்றத்திலோ ஒரு விடுதி அரங்கிலோ 11 மணிக்குச் சந்திப்பு என்றால், நீங்கள் 9 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். தொலைக்காட்சிக் கேமராக்கள் நிற்க மேடைக்கு நேர் எதிரே இடம் விட்டிருக்கிறதா, மைக் வைக்க மேசை இருக்கிறதா, பின்னணிப் பதாகையில் பெயர் தலைக்கு மேல் தெரிகிறதா, தமிழ்க் குறிப்பும் ஆங்கிலக் குறிப்பும் போதிய எண்ணிக்கையில் உள்ளனவா என்று பாருங்கள். பேச வருபவர் தமிழில் பேசத் தெரிந்தவரா என்பதை முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்த் தொலைக்காட்சிகளுக்குத் தமிழில் ஒரு நிமிடப் பேச்சு கிடைக்காவிட்டால், சந்திப்பு முழுவதும் பதிவாகியும் ஒளிபரப்பாகாமல் போகலாம். வருகைப் பதிவேட்டில் பெயர், இதழ், கைபேசி எண் மூன்றையும் தெளிவாக வாங்குங்கள். வராத இதழ்களுக்குச் சந்திப்பு முடிந்த அரை மணிக்குள் குறிப்பும் படமும் போய்ச் சேர வேண்டும்.

என் முதலாண்டில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்காக நாள் குறித்து, அரங்கம் பிடித்து, அழைப்பெல்லாம் அனுப்பிய பிறகுதான், அன்று சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை தாக்கலாகிறது என்பதை உணர்ந்தேன். நாற்பது நாற்காலிகளில் நான்கு பேர் அமர்ந்திருந்தார்கள். அந்த நால்வரும் அரை மணி நேரத்தில் எழுந்து சென்றார்கள். அன்று முதல் பேரவைக் கூட்டத்தொடர், தேர்வு முடிவுகள், தேர்தல் அறிவிப்பு, வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை ஆகியவற்றைக் குறித்த நாட்காட்டி இல்லாமல் நான் எந்தத் தேதியையும் பரிந்துரைப்பதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வெளியரங்கு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு 2015 பெருவெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நினைவூட்டுவது உங்கள் கடமை.

தொடக்கத்திலேயே அறிய வேண்டிய எல்லைகள்

இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் (பி.ஆர்.எஸ்.ஐ.) 1958இல் தொடங்கப்பட்டது. 1968 ஏப்ரல் 21 அன்று தில்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் தொழில் நெறிமுறை ஏற்கப்பட்டதன் நினைவாகவே அந்நாள் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. இச்சங்கத்தின் சென்னைக் கிளை நடத்தும் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். மூத்தவர்களை நேரில் சந்திக்க அது நல்ல இடம்.

நெறிமுறை நடைமுறையில் எங்கே உரசும் என்பதையும் அறிந்து வையுங்கள். செய்தியாளருக்குக் கவரில் பணம் வைத்துக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் காலாண்டு முடிவு, சந்தைக்கு அறிவிக்கப்படும் முன் உங்கள் கைக்கு வந்திருந்தால், நண்பரிடம்கூட வாய் திறக்கக் கூடாது; பங்குப் பரிவர்த்தனை வாரியத்தின் (செபி) விதிப்படி அது குற்றம். மருத்துவமனை வாடிக்கையாளர் என்றால், நோயாளியின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் அவர் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. அறுவை சிகிச்சை வெற்றியை அறிவிக்கும் அவசரத்தில் இதை மறப்பவர்கள் அதிகம். பதில் தெரியாத கேள்விக்கு, “கேட்டு 5 மணிக்குள் சொல்கிறேன்” என்று கூறி, 5 மணிக்குள் அழையுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக அழையுங்கள்.

வெளிவந்த செய்தியின் பரப்பளவை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. 2010இல் பார்சிலோனாவில் கூடிய துறை வல்லுநர்கள் இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று அறிவித்துவிட்டார்கள். உங்கள் மேலாளர் கேட்டால் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். கூடவே, செய்தியைப் பார்த்து முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள் என்ற எண்ணிக்கையையும் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.

நேர்முகத் தேர்வும் முதல் நாட்களும்

தொடக்கப் பதவிக்குப் பல ஏஜென்சிகளில் ‘அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ்’ என்று பெயர். கணக்குப் பிள்ளை வேலை என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் அறிவேன். ‘அக்கவுண்ட்’ என்பது இங்கே வாடிக்கையாளரைக் குறிக்கும். தேர்வில் பெரும்பாலும் எழுதச் சொல்வார்கள்: சில விவரங்களைக் கொடுத்து அரை மணியில் குறிப்பு எழுதச் சொல்வது வழக்கம். “இன்று காலை தமிழ்த் தாள்களின் முதல் பக்கத்தில் என்ன இருந்தது?” என்ற கேள்விக்குத் தடுமாறுபவர் அங்கேயே விலக்கப்படுவார். உங்கள் பங்குக்கு நீங்களும் கேளுங்கள்: எத்தனை வாடிக்கையாளர்களை நான் பார்க்க வேண்டியிருக்கும், தமிழ்க் குறிப்பை யார் எழுதுகிறார், என் எழுத்தை யார் திருத்துவார்? திருத்துவதற்கு மூத்தவர் ஒருவர் இருக்கும் இடம், சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும், முதல் வேலைக்கு ஏற்ற இடம்.

சேர்ந்த முதல் மாதத்தில் மேலாளரிடம் அனுமதி கேட்டு, உங்கள் பட்டியலில் உள்ள செய்தியாளர்களில் வாரத்துக்கு இருவரை, எந்தச் செய்தியையும் கையில் எடுத்துச் செல்லாமல், அவர்கள் அலுவலகத்தருகே ஒரு தேநீர்க் கடையில் சந்தியுங்கள். எந்த வகைக் குறிப்பு அவர்களுக்குப் பயன்படுகிறது, மின்னஞ்சலா வாட்ஸ்அப்பா, எந்த நேரம், எந்த நாள் வார விடுப்பு என்று கேட்டு, அன்று மாலையே உங்கள் பட்டியலில் எழுதி வையுங்கள்.